அப்பாயி பேன் பார்த்த சுகத்துக்கு ஒரு இங்கிலீஷ் பேர்

ஏடிடி 43, ஏஎஸ்டி 16 என்று நெல் ரகங்களின் பெயரிலேயே பழகிப்போன எங்கள் ஊர்க் காதுகளுக்கு 'ஏஎஸ்எம்ஆர்' என்று சொன்னால், அதுவும் ஏதோ புது ரகம், எத்தனை நாள் பயிர் என்றுதான் கேட்கத் தோணும். கையில் போன் வைத்திருக்கும் இளவட்டப் பயல்களிடம் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "அதாண்ணே, அந்த மாதிரி வீடியோ" என்பார்கள். பட்டணத்து சிநேகிதர்கள் வேறு மாதிரி. "உங்க வயக்காட்டுச் சத்தம் முழுக்க ஏஎஸ்எம்ஆர்தாங்க, குடுத்து வச்சவங்க நீங்க" என்று பெருமூச்சு விடுவார்கள். இன்னும் சிலர், தூக்கம் வராத எல்லாருக்கும் அதை மருந்து மாதிரி எழுதிக் கொடுப்பார்கள்.

இந்த மூன்று பேச்சிலும் கோளாறு இருக்கிறது. சும்மா பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்றால் விட்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு இதனால் நிற்கப் பார்த்தது. தெற்குத் தெருவில் ஒரு மனுஷன் இதை நம்பி மூன்று மாதம் வைத்தியத்துக்குப் போகாமல் கிடந்தார். அதனால் எழுதுகிறேன்.

முதலில், அது என்ன உணர்ச்சி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாயி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து அக்காவுக்குப் பேன் பார்க்கும். பேன்சீப்பு தலையில் இழுபடும் சரசரப்பு, நகத்தில் வைத்து நசுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், நடுநடுவே "இருடி, ஆடாத, இந்தா ஒண்ணு ஓடுது" என்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும் மெல்லிய குரல். அக்காவுக்கு முடிந்ததும், தலையில் பேனே இல்லாத நானும் போய் மடியில் படுத்துக்கொள்வேன். விரல் முடியைப் பிரிக்க ஆரம்பித்ததும் உச்சந்தலையில் ஒரு குறுகுறுப்பு கிளம்பும். அது பிடரி வழியாக இறங்கி முதுகுத்தண்டில் பரவும். கண் சொக்கிப்போகும். "பேன் இல்லடா ஒனக்கு, எந்திரி" என்று அப்பாயி முதுகில் தட்டும்போது தேவலோகத்திலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கும்.

அதே குறுகுறுப்பு வேறு இடங்களிலும் வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மேசைக்குப் பக்கத்தில் நம்மை நிற்க வைத்துக்கொண்டு நம் நோட்டைத் திருத்தும்போது, பேனா முள் காகிதத்தில் ஓடும் சத்தத்துக்கு வரும். திருவிழாவில் வளையல்காரர் அக்காவின் கையை அமுக்கி அமுக்கிப் பிசைந்து, "கையத் தளத்தியா விடும்மா" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வளையலை ஏற்றுவதைச் சும்மா பக்கத்தில் நின்று பார்த்தாலே வரும். காய்ச்சல் கண்டால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அவர் வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால் வரை தடவி, உதடு மட்டும் அசைய என்னவோ முணுமுணுப்பார். காய்ச்சல் இறங்கியதோ இல்லையோ, நான் அங்கேயே தூங்கிவிழுவேன்.

இந்த உணர்ச்சிக்குப் பெயர் வைத்தது 2010-ல். வைத்தவர் ஜெனிஃபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 'அட்டானமஸ் சென்சரி மெரிடியன் ரெஸ்பான்ஸ்' என்பது முழுப் பெயர். கேட்டால் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் வரும் வியாதிப் பெயர் மாதிரி இருக்கிறது இல்லையா? வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார். இப்படி ஒரு உணர்ச்சி எனக்கு வருகிறது என்று வெளியில் சொன்னால் ஜனங்கள் தப்பாக நினைப்பார்கள், கூச்சமில்லாமல் பேச ஒரு கௌரவமான பெயர் வேண்டும் என்பது அவர் எண்ணம். நடுவில் வரும் 'மெரிடியன்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அக்குபங்சர் நாடி, சக்தி ஓட்டம் என்று சிலர் கதை விடுகிறார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. பெயர் விஞ்ஞானம் மாதிரி ஒலிப்பதால் 2010-லேயே டாக்டர்கள் கண்டுபிடித்த சங்கதி என்று நினைத்துவிடவும் கூடாது. ஆராய்ச்சியெல்லாம் அதற்கப்புறம் மெதுவாகத்தான் வந்தது.

பெயருக்கு முன்னாலேயே உணர்ச்சி இருந்தது என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல உதாரணம் உண்டு. பாப் ராஸ் என்று ஒரு ஓவியர். 1983 முதல் 1994 வரை டிவியில் உட்கார்ந்து மலையும் மரமும் வரைந்து காட்டினார். துணியில் பிரஷ் தட்டும் சத்தம், அவசரமே இல்லாத தணிந்த குரல். அதைப் பார்த்தவர்களில் படம் வரையக் கற்றவர்களைவிட, பார்த்துக்கொண்டே சோபாவில் தூங்கியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தூங்கியவர்களில் யாருக்கும் தாங்கள் அனுபவிப்பதற்குப் பெயர் தெரியாது. எங்கள் திண்ணையிலும் அதே கதைதான்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் மல்லாரி எடுக்கும்போதும், தவில் உச்சத்துக்குப் போகும்போதும் மயிர்க்கால் குத்திட்டு நிற்குமே, அது புல்லரிப்பு. ஒரு நொடியில் உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். ஏஎஸ்எம்ஆர் அப்படி இல்லை. மெதுவாக வரும், தங்கும், ஆளைத் தளர்த்திப் படுக்க வைக்கும். பாட்டுக்கு எனக்குப் புல்லரிக்கிறது, ஆகவே எனக்கும் ஏஎஸ்எம்ஆர் உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அண்ணன் மகள் காலேஜ் முடித்துவிட்டு குரூப் 4 பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாடம், மாதிரித் தேர்வு எல்லாம் போனில்தான். ராத்திரி படித்து முடித்து விளக்கை அணைத்ததும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வாள். ஒருநாள் அண்ணி தண்ணி குடிக்க எழுந்தவர் எட்டிப் பார்த்திருக்கிறார். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முகத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவள் மூஞ்சிக்கு நேரே கையைக் கொண்டுவருகிறாள், விலக்குகிறாள். வாய் கிசுகிசுவென்று எதையோ சொல்கிறது. பிள்ளை அதைப் பார்த்தபடியே அரைக்கண் மூடிக் கிடக்கிறாள். அண்ணிக்கு உதறல் எடுத்துவிட்டது. "வசியம் பண்றவ மாரி இருக்காங்க" என்று அண்ணனை எழுப்பிவிட்டார். அண்ணன் வசியத்தையெல்லாம் நம்புகிற ஆளில்லை. அவர் நினைத்தது அதைவிட மோசம்.

காலையில் தீர்ப்பு தயார். போன் பிடுங்கப்பட்டுவிட்டது. "ஒரு பட்டன் போன் வாங்கித் தாறேன், போதும். படிச்சு கிழிச்சது போதும், மாப்பிள பாக்கச் சொல்லியாச்சு." பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பிள்ளை அழவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. கொல்லையில் நின்ற என்னிடம் வந்து, "சித்தப்பா, நான் தப்பா எதுவும் பாக்கல. நீங்களே ஒருவாட்டி கேட்டுப் பாருங்க. அப்புறம் என்ன வேணா செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அண்ணனைத் திண்ணையில் உட்கார வைத்தேன். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அவர் காதிலும் இன்னொன்றை என் காதிலும் மாட்டினேன். பிள்ளை பார்த்த அதே வீடியோ. அந்தப் பெண் கண் டாக்டர் மாதிரி நடிக்கிறாள். சின்ன டார்ச்சை இப்படியும் அப்படியும் ஆட்டி, "இந்தப் பக்கம் பாருங்க, நல்லது, இப்ப அந்தப் பக்கம்" என்று மெல்ல இங்கிலீஷில் சொல்கிறாள். காகிதத்தில் எதையோ குறித்துக்கொள்கிறாள். டப்பாவைத் திறந்து மூடுகிறாள். பத்து நிமிஷம் ஓடியது. அண்ணன் ஏதோ வரப்போகிறது, வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் கழற்றிவிட்டு, "இதுல என்னடா இருக்கு? ஒண்ணுமே இல்லயே" என்றார்.

"அதாண்ணே. ஒண்ணுமே இல்ல."

அப்புறம் அப்பாயி பேன் பார்த்த கதையைச் சொன்னேன். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. "எனக்கு அப்பாயி காது குடைஞ்சு விடும்டா, கோழி றெக்கைய வச்சு" என்றார். போன் திரும்பி வந்தது. பதினொன்றரைக்கு மேல் அது கூடத்து அலமாரியில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மாப்பிள்ளைப் பேச்சு நின்றது.

அண்ணன் மட்டும் இப்படி நினைத்தார் என்று சொல்ல முடியாது. 2018 ஜூனில் சீனாவில் ஆபாச ஒழிப்புக்கான அரசு அலுவலகமே ஏஎஸ்எம்ஆர் வீடியோக்களைத் துடைத்தெடுக்கச் சொல்லி அங்குள்ள தளங்களுக்கு உத்தரவு போட்டது. அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு அசிங்கமான சரக்கை விற்கிறவர்களும் உண்டுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்லெண்ணெய் என்று லேபிள் ஒட்டிக் கலப்படம் விற்பதில்லையா, அதுபோல. ஆனால் கேட்கிறவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று விசாரித்தால் கணக்கு வேறாக இருக்கிறது. 2015-ல் பிரிட்டனில் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மா பாரட், நிக் டேவிஸ் என்ற இருவர், இந்த உணர்ச்சி வருகிற 475 பேரிடம் கேட்டு எழுதினார்கள். 98 சதவீதம் பேர் மனம் தளர்ந்து இளைப்பாறக் கேட்கிறோம் என்றார்கள். 82 சதவீதம் தூக்கத்துக்காக. 70 சதவீதம் மன அழுத்தம் குறைய. பாலுணர்ச்சிக்காக என்றவர்கள் 5 சதவீதம். அதற்காக இல்லவே இல்லை என்று மறுத்தவர்கள் 84 சதவீதம்.

எது இந்தக் குறுகுறுப்பைக் கிளப்புகிறது என்றும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கிசுகிசுப்புக்கு 75 சதவீதம். அதற்கு அடுத்தபடியாக, யாராவது தன்னை அக்கறையாகக் கவனிப்பதற்கு 69. மொறுமொறு, சரசர என்ற கூர்மையான சின்னச் சத்தங்களுக்கு 64. மெதுவான அசைவுகளுக்கு 53. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அப்பாயிதான் ஞாபகம் வந்தது. முணுமுணுப்பு, கவனிப்பு, பேன்சீப்பின் சரசரப்பு, அவசரமில்லாத விரல். நாலும் ஒரே திண்ணையில் இருந்தன.

அடுத்த தப்பான எண்ணம், இது எல்லாருக்கும் வரும், வராவிட்டால் கேட்கத் தெரியவில்லை என்பது. என் வீட்டுக்காரியிடம் அதே வீடியோவைக் கொடுத்தேன். அரை நிமிஷத்தில் கழற்றி எறிந்துவிட்டாள். "காதுக்குள்ள பல்லி ஊருற மாரி இருக்கு, எடுங்க." முறுக்கு கடிக்கிற வீடியோவைப் போட்டதும் கோபமே வந்துவிட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு அந்தக் குறுகுறுப்பு வருவதே இல்லை. சிலருக்கு மெல்லும் சத்தம், உறிஞ்சும் சத்தம் கேட்டால் அடக்க முடியாத எரிச்சல் வரும். அதற்கு மிசோபோனியா என்று பெயர். இதில் வேடிக்கை, கிசுகிசுப்புக்குச் சொக்குகிற அதே ஆளுக்கு மெல்லும் சத்தம் ஆகாமல் இருப்பதும் உண்டு. இதில் யாருக்கும் குறையில்லை. எனக்குப் பாகற்காய் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

வராதவர்கள், வருகிறவர்களைப் பார்த்து "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வதும் சரியில்லை. 2018-ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜூலியா பொரியோ என்பவரும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். இந்த உணர்ச்சி உள்ளவர்களுக்கு அந்த வீடியோவைப் பார்க்கும்போது நெஞ்சுத் துடிப்பு நிமிஷத்துக்குச் சராசரியாக 3 துடிப்பு குறைந்தது. உணர்ச்சி வராதவர்களுக்கு அதே அளவு குறையவில்லை. அதே நேரம், உணர்ச்சி வந்தவர்களின் தோலில் லேசான கிளர்ச்சிக்கான அடையாளமும் தெரிந்தது. அதாவது உடம்பு அமைதியாகவும் இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு இதமான விழிப்பும் இருக்கிறது. பேன் பார்க்கும்போது தூங்கவும் மாட்டோம், முழித்திருக்கவும் மாட்டோமே, அந்த நிலைதான்.

இப்போது பட்டணத்து சிநேகிதர்களிடம் வருகிறேன். "கிராமத்துச் சத்தமே ஏஎஸ்எம்ஆர்" என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பேசித்தான் ஆகணும்.

சென்னையில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் சிநேகிதர் ஒருவர் ஒரு தை மாதத்தில் கூப்பிட்டார். "டெல்டாவுல மழைன்னு நியூஸ்ல பாத்தேன். உங்க மோட்டார் கொட்டகைத் தகரத்துல மழை பெய்யுற சத்தத்தை ஒரு ரெண்டு மணி நேரம் ரெக்கார்டு பண்ணி அனுப்புங்களேன். இங்க அதைக் கேட்டாதான் தூக்கம் வருது." நல்ல மனுஷன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு என் சம்பாப் பயிர் கதிர் முற்றி, அறுவடை மெஷினுக்குச் சொல்லிவைத்து நாலு நாள் ஆகியிருந்தது. தகரத்தில் விழுந்த ஒவ்வொரு துளியும் எனக்குக் கணக்காகக் கேட்டது. கதிர் சாயும். சாய்ந்த கதிர் தண்ணியில் கிடந்தால் முளைத்துவிடும். வயல் சேறானால் மெஷின் இறங்காது, பெல்ட் வண்டிதான் வரணும், அதற்கு வாடகை அதிகம். அறுத்தாலும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதலுக்கு ஆகும். அவரைத் தூங்கவைக்கிற அதே சத்தத்துக்கு நான் விடிய விடிய முழித்துக் கிடந்தேன்.

அதே தகரம், அதே மழை, நடவு முடிந்து வாய்க்காலில் தண்ணி வராத ஒரு புரட்டாசியில் பெய்தால் நானும்தான் குறட்டை விடுவேன்.

மயில் அகவுவதை நீங்கள் ரிங்டோனாக வைத்திருக்கிறீர்கள். கடலை போட்டவனுக்கு அது திருடன் வருகிற சத்தம். ராத்திரி வயலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். எனக்கு அது தஞ்சாவூர்க் கிட்டியில் எலி மாட்டிய சத்தம். மூங்கில் வில் விடுபட்டு அடிக்கிற சத்தம். ஒரு ராத்திரியில் அது அடிக்கடி கேட்டால் நிம்மதியாகப் புரண்டு படுப்பேன். நடு ராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் உறுமுவது ஊருக்கே இரைச்சல். தண்ணி பாயக் காத்திருப்பவனுக்குத் தாலாட்டு. சத்தம் சத்தமாகவே காதுக்குள் போவதில்லை. அதில் நமக்கு என்ன வேலை, என்ன நஷ்டம் என்பதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் போகிறது. மழைச் சத்தம் உங்களுக்கு இதமாக இருக்கிறது என்றால், அந்த மழையில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அதோடு, மழைச் சத்தம், ஃபேன் இரைச்சல், அருவி எல்லாம் தூக்கத்துக்கு உதவுகிற வழியே வேறு. ஒரே சீராக ஓடும் இரைச்சல், நடுவில் வரும் ஹாரன், நாய்க் குரைப்பு, கதவு அடிக்கும் சத்தம் போன்றவற்றை மூடி மறைத்துவிடுகிறது. அதனால் தூக்கம் கலைவதில்லை. அதற்கு உச்சந்தலையில் குறுகுறுப்பு வரவேண்டும் என்ற அவசியம் இல்லை. ஏஎஸ்எம்ஆர் பெரும்பாலும் ஒரு ஆளைச் சுற்றி இருக்கிறது. ஒரு மனுஷரோ மனுஷியோ பக்கத்தில் இருந்து, குரலைத் தணித்து, எதையோ பொறுமையாகச் செய்கிறார். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு 'ரிலாக்ஸ் சத்தம்' என்று விற்பதால்தான், மழையைக் கேட்டுவிட்டு "எனக்கு ஒண்ணும் குறுகுறுக்கலையே" என்று சிலர் ஏமாறுகிறார்கள்.

இனி மருந்து விஷயம். இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

தெற்குத் தெருவில் ஒருத்தர், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். ஒரு வெள்ளாமை முழுக்கப் போனது. வட்டி ஏறியது. மனுஷன் தூங்குவதை நிறுத்திவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு வரப்பில் உட்கார்ந்திருப்பார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அப்பா மேல் பாசமாகத்தான் செய்தான். மழைச் சத்தம், கிசுகிசுப்பு, ஓடைச் சத்தம் என்று போனில் ஏற்றிக் கொடுத்து, "இதக் கேட்டாலே தூக்கம் வந்துரும்பா, மாத்திரையெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவரும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படுத்துப் பார்த்தார். சாப்பாடு குறைந்தது. "இருந்து என்னத்துக்கு" என்கிற பேச்சு வர ஆரம்பித்தது. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நாங்கள் நாலு பேர் சேர்ந்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மனநல டாக்டர் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். மாத்திரை கொடுத்தார், திரும்பத் திரும்ப வரச் சொன்னார். தேறி வரப் பல மாதம் ஆனது. கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் ராத்திரி வீட்டுக்குள் படுக்கிறார்.

அந்த வீடியோக்கள் அவரைக் கெடுத்தன என்று நான் சொல்லவில்லை. அவை இருக்க வேண்டிய இடம் வேறு. அலுப்புக்குத் தைலம் தேய்க்கலாம், எலும்பு முறிந்த காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஸ்வான்சீக்காரர்கள் கேட்ட ஆட்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் சிலர், பார்க்கும்போது மனசு லேசாகிறது என்றும், சில மணி நேரத்தில் அது வடிந்துவிடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சில மணி நேர இளைப்பாறல் பெரிய விஷயம்தான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கை வெறுத்த பேச்சு வருகிறது என்றால் ஹெட்செட்டை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. டெலி மானஸ் என்று அரசாங்க உதவி எண் இருக்கிறது, 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். போனில் மழைச் சத்தம் வைத்திருக்கிறவர்கள் அந்த எண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னதாக இன்னொரு எச்சரிக்கை. காது குடையும் வீடியோக்கள் இதில் ரொம்பப் பிரபலம். கேட்டு ரசியுங்கள். பார்த்துவிட்டு பட்ஸ், ஹேர்பின் எதையும் காதுக்குள் விடாதீர்கள். அண்ணன் சொன்ன கோழி றெக்கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனசில் நிற்பது ஒன்றுதான். அந்தக் கண் டாக்டர் வேஷம் போட்ட பெண் நிஜத்தில் எதுவும் செய்யவில்லை. யாருடைய கண்ணையும் சோதிக்கவில்லை. ஆனால் பத்து நிமிஷம் எந்த அவசரமும் இல்லாமல், உன்னைத் தவிர எனக்கு இப்போது வேறு வேலை இல்லை என்கிற மாதிரி ஒரு ஆளைப் பார்க்கிறாள். நம் வீடுகளில் அப்படி யார் யாரைப் பார்க்கிறோம்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் நாம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. எத்தனை மார்க், எப்போ முடியும், அடுத்து என்ன. பட்டணத்தில் ஒற்றை அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தி தலை வாரிவிடுவது போல் நடிப்பதைக் கேட்டு ஒரு பிள்ளை தூங்குகிறது என்றால் அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? 2022-ல் லண்டன் டிசைன் மியூசியத்தில் இதற்கென்றே கண்காட்சி வைத்தார்கள். அங்கே கண்காட்சி, இங்கே போனைப் பிடுங்குகிறோம்.

அண்ணி இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளை முன்னால் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து விடுகிறார். முதல் வாரம் தேய்த்துக்கொண்டே, "அந்த திருவாரூர் சம்பந்தம்..." என்று ஆரம்பித்திருக்கிறார். "அம்மா, பேசாம தேய்க்கிறதுன்னா தேய், இல்லன்னா நான் ஹெட்செட்டே மாட்டிக்கிறேன்" என்றாளாம் பிள்ளை. அண்ணிக்குப் பேசாமல் இருப்பது சுலபமான காரியம் இல்லை. ஆனாலும் இருக்கிறார். பிள்ளை பரீட்சை எழுதிவிட்டாள். ராத்திரி ஹெட்செட்டும் இன்னும் இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை விளக்கை அணைத்துவிட்டு எதையோ கேட்டுக்கொண்டு கிடந்தால், பிடுங்குவதற்கு முன்னால் ஹெட்செட்டில் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி உங்கள் காதில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குக் குறுகுறுப்பு வரலாம், பல்லி ஊர்வது போல இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். எப்படியானாலும் பத்து நிமிஷம் பிள்ளையோடு பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.